தண்டும் பவித்திரமும்: உடையவர் தேர்ந்த துணைவர்கள்

காஞ்சிப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக அமைவது சிறப்பு. இவ்விரண்டையும் தனித்தனியே ஊடையிட்டு, நெய்யும்போதே ஒன்றோடொன்று பிணைப்பதைக் கோர்வை என்பர். கோர்வைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. தறியில் அமர்ந்தவர் ஒருவரே மூன்றையும் ஆளுதல் அரிது. ஆகவே பக்கத்தில் ஒரு துணையாள் அமர்ந்து கரைக்குரிய நாடாவை வாங்கியும் திருப்பியும் தருதல் வழக்கம். இருவர் கையும் ஒரே தாளத்தில் இயங்காவிடில் கரை இழுபடும். அல்லது இணைப்பில் சந்து விழும். பாவு எத்துணை உயர்ந்ததாயினும், சரிகை எத்துணை விலையுடையதாயினும், அந்தச் சந்தை மறைக்க இயலாது. அனுபவம் மிக்க தறிக்காரர், வேலையைத் தொடங்குமுன் பக்கத்தில் அமர்பவர் யார் என்று பார்ப்பது இக்காரணம் பற்றியே.

வாழ்விலும் ஒருவர் மேற்கொண்ட செயல் முற்றுப்பெறுவதற்குக் கல்வியும் ஊக்கமும் பொருளும் வேண்டும் என்று யாவரும் கூறுவர். உடன் அமர்பவரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வேகவதி ஆற்றை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலேயே தொடங்கலாம்.

சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்பனபோல இவ்வூரை ஜினகாஞ்சி என்று வழங்குவர். பல்லவ மன்னன் சிம்மவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்திக் குரவருக்கு நிலம் அளித்த செய்தியைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. அத்துணைப் பழமை வாய்ந்த இவ்வூரின் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு, விஜயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரரிடம் தண்டநாயகராகவும் அமைச்சராகவும் இருந்த இருகப்பர் 1382ஆம் ஆண்டில் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை அளித்தார்; 1387-88இல் சங்கீத மண்டபத்தைக் கட்டுவித்தார். மண்டபத்தைப் பற்றிய கல்வெட்டு, தம் ஆசிரியராகிய புஷ்பசேனரின் சொல்லால் அவர் இதனைச் செய்வித்தார் என்று உரைக்கிறது. படைநடத்தும் பெருமகன் ஒருவன் தன் வெற்றிகளைக் கல்லில் பொறித்துக்கொள்ள எண்ணுவது இயல்பு. இங்கோ, தமக்கு நற்சொல் சொன்னவரின் பெயரைத் தம் பெயரோடு நிறுத்தியிருக்கிறார். இந்த மண்டபத்து விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளோடு கண்ணபிரானின் பிள்ளைப் பருவ நிகழ்ச்சிகளும் வண்ண ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளன என்பது வைணவ அன்பர்கள் பலரும் அறியாத செய்தி. நேமிநாத தீர்த்தங்கரர் கண்ணனுக்கு உறவினர் என்பது ஜைன மரபு.

இருகப்பருக்கு முந்திய தலைமுறையில், 1368இல், ஜைனர்கள் தமக்கு வைணவரால் நேர்ந்த இடர்களை முதலாம் புக்கராயரிடம் முறையிட்டனர். சிரவணபெளகொளக் கல்வெட்டு அந்த நிகழ்ச்சியை விரித்துரைக்கிறது. கோயில், திருமலை, பெருமாள்கோயில், திருநாராயணபுரம் முதலிய தலங்களின் ஸ்ரீவைஷ்ணவர்கள் அவைக்கு வந்தனர். பெருமாள்கோயில் என்பது நம் காஞ்சியே. அரசர் ஜைனரின் கையை எடுத்து வைணவரின் கையில் வைத்து, இரு தரிசனங்களுக்கும் வேறுபாடு இல்லை எனக் கூறி, ஜைனரைக் காக்கும் பொறுப்பை வைணவரிடமே ஒப்புவித்தார். தன் கொள்கையை ஏற்பவரை மட்டும் அருகே அமர்த்திக்கொண்ட அரசனால் இவ்வாறு செய்திருக்க முடியாது. இருகப்பரின் தந்தையும் ஜைனராயிருந்தே அந்த அரசில் உயர்பதவி வகித்தவர்.

அமைச்சர்க்கும் அரசர்க்கும் உரிய இச்செய்திகள் ஒருபுறம் இருக்க, உடனிருப்போரைத் தேர்தல் என்னும் பொருளை வாழ்நாள் முழுதும் பயின்று காட்டியவர் இதே காஞ்சியில் வளர்ந்த ஸ்ரீராமாநுஜர். ஆறாயிரப்படி முதலிய குருபரம்பரை நூல்கள் அவர் வரலாற்றைச் சொல்லும் முறையைக் கூர்ந்து நோக்கின், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மனிதர் நிற்பது புலனாகும்.

திருப்புட்குழியும் சாலைக்கிணறும்

1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இளையாழ்வார், தந்தையின் மறைவுக்குப்பின் காஞ்சிக்கு வந்து, நகருக்கு மேற்கே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். யாதவர் சாமானியர் அல்லர். அந்நாளில் அவரை விடப் புகழ் வாய்ந்த ஆசிரியர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இலர். வித்தைக்கு ஏற்ற இடத்தைத்தான் இளைஞர் தேடி அடைந்தார். ஆயினும் அவ்விடம் அவருக்கு ஏற்ற இடமாக அமையவில்லை.

ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபொழுது, உபநிடதத்தில் இறைவனின் திருக்கண்களுக்கு உவமையாக வந்த சொல்லுக்கு யாதவர் குரங்கின் பின்புறம் என்று பொருள் கூறினார். மாணவரின் கண்ணீர் ஆசிரியரின் தொடைமேல் சூடாக வீழ்ந்தது. கதிரவனால் அலர்த்தப்பெறும் தாமரை என்று அச்சொல்லைப் பிரித்துப் பொருள் காட்டினார் மாணவர். இத்தகைய நிகழ்ச்சிகள் சில நேர்ந்தபின், தம் கொள்கைக்கு இவனால் கேடு விளையும் என்று யாதவர் அஞ்சினார். கங்கை யாத்திரை என்னும் பெயரால் அழைத்துச் சென்று வழியில் முடித்துவிடத் துணிந்தார் என்று நூல்கள் கூறும்.

அதே கூட்டத்தில் உடன்பயின்ற சிற்றன்னை மகன் கோவிந்தர், விந்திய மலைச்சாரலில் இளையாழ்வாரைத் தனியே கண்டு சூழ்ச்சியைக் கூறித் தப்பிச் செல்லுமாறு வேண்டினார். நூற்றுக்கணக்கான சுலோகங்களை ஒப்பித்த மற்ற மாணவர்களும் அச்சூழ்ச்சியை அறிந்தே இருந்தனர். அவர்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காட்டில் தனித்து நின்றவருக்கு வேடனும் வேடுவிச்சியுமாக ஒரு தம்பதியர் வழித்துணையாயினர். பொழுது விடிந்தபொழுது தாம் நிற்பது காஞ்சியை அடுத்த சாலைக்கிணறு என்று கண்டார். வந்தவர் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்பது அடியார் துணிபு.

இதன்பின் நடந்ததை அன்பர்கள் கவனித்தல் வேண்டும். கங்கையிலிருந்து மீண்ட யாதவரிடம் இளையாழ்வார் மீண்டும் சென்று பாடம் கேட்டார். தம் உயிருக்கே குறிவைத்தவரிடம் மறுபடியும் சென்று அமர்ந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் பொருந்தாத இடத்தை விட்டு விலகுதல் ஒரே நாளில் எவருக்கும் கைகூடுவதில்லை. கற்ற வித்தையின் பற்று, ஆசிரியர் என்னும் மதிப்பு, வேறிடம் அறியாமை ஆகிய யாவும் காலைப் பிணிக்கும். முடிவில் வேறொரு சொற்பொருள் வழக்கில் யாதவரே அவரைப் போகச் சொன்னார். பிரிவை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் மாணவர் அல்லர்.

இக்காலத்தில் நிகழ்ந்த இன்னொன்றும் உண்டு. திருவரங்கத்திலிருந்து ஆளவந்தார் காஞ்சிக்கு எழுந்தருளியபொழுது, யாதவரின் மாணவர் கூட்டத்தில் ஒளிமிக்க இளைஞர் ஒருவரைக் கண்டு, யாரென வினவி அறிந்தார். நம் தரிசனத்துக்கு முதல்வன் இவனே என்று உள்ளத்தில் கொண்டார். ஆயினும் அருகே அழைக்கவில்லை, உரையாடவும் இல்லை. வேறொருவரிடம் பயிலும் மாணவரை இடையே கவர்தல் முறையன்று என எண்ணி, பேரருளாளனிடம் வேண்டிக்கொண்டு திரும்பினார். தேர்ந்தெடுத்தலில் காத்திருத்தலும் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்தக் காத்திருப்பின் விலையும் பெரிது. இருவரும் உயிருடன் சந்திக்கவேயில்லை. இளையாழ்வார் திருவரங்கம் சென்றடைந்த நாளில் ஆளவந்தார் திருநாடு அலங்கரித்துவிட்டார்; மடங்கியிருந்த மூன்று விரல்களை மட்டுமே கண்டார்.

ஆறாவது வார்த்தை

யாதவரிடமிருந்து நீங்கிய இளையாழ்வார், தாயாரின் சொற்படி திருக்கச்சி நம்பிகளை நாடினார். நம்பிகள் பூவிருந்தவல்லியைச் சேர்ந்தவர், வைசிய குலத்தினர், பேரருளாளனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்துவந்தவர். அவர் சாத்திர வாதங்களில் ஈடுபட்டவர் அல்லர்; இறைவனோடு உரையாடும் பேறு பெற்றவர் என்று ஊரார் நம்பினர். வாதத்தால் வெல்லும் ஆசிரியரிடமிருந்து வந்த இளைஞர், விசிறி வீசும் அன்பரைத் தம் வழிகாட்டியாகத் தேர்ந்தார். குலம் அதற்குத் தடையாகும் என்று தயங்கியவர் நம்பிகளே. ஆசிரியராக இருக்க மறுத்து, திருமஞ்சனத்துக்குச் சாலைக்கிணற்று நீரைக் கொணரும் பணியை மட்டும் இளைஞருக்குக் காட்டினார்.

தாம் இன்னது செய்ய வேண்டும் என்னும் ஐயம் இளையாழ்வாரை வருத்தியபொழுது, நம்பிகள் வாயிலாக இறைவன் ஆறு வார்த்தைகளை அருளினான் என்பது வைணவ உலகம் நன்கறிந்த செய்தி. பரம்பொருள் யார், உயிருக்கும் இறைக்கும் உள்ள வேறுபாடு, உய்யும் வழி, அந்திம நினைவு, வீடுபேறு எய்தும் காலம் என ஐந்து வார்த்தைகள் தத்துவத்தைப் பற்றியன. ஆறாவது ஓர் ஆளைப் பற்றியது. பெரிய நம்பியை அடைக என்பது அதன் கருத்து. ஐந்து விடைகளும் கையில் கிடைத்தபின் ஆசிரியர் எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றே புறப்பட்டார். அதே வேளையில் அவரைத் தேடித் திருவரங்கத்திலிருந்து பெரிய நம்பிகளும் புறப்பட்டிருந்தார். மதுராந்தகத்தில் ஏரிகாத்த இராமர் திருக்கோயிலில் இருவரும் எதிர்ப்பட்டனர். காஞ்சிக்குச் சென்று உபதேசம் பெறலாமே என்று நம்பிகள் கூறியும், நிலையாமையை எண்ணி, அங்கேயே மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் செய்தருள வேண்டினார் இளையாழ்வார். ஆளவந்தாரைத் தவறவிட்ட வடு ஆறாதவராய் இருந்தார் போலும்.

வீட்டினுள்ளே பொருந்தாமை

புறத்தே இவ்வாறு தெளிவாகத் தேர்ந்தவருக்கு வீட்டினுள்ளே அமைதி இல்லை. திருக்கச்சி நம்பிகள் உண்ட மிச்சத்தைப் பிரசாதமாகப் பெற விரும்பி அவரை அமுதுக்கு அழைத்தார். நம்பிகளை எதிர்கொள்ள இளையாழ்வார் ஒரு வீதியாகச் செல்ல, நம்பிகள் வேறு வீதியாக வந்து, கைங்கரியத்துக்கு நேரமாயிற்று என்று விரைந்து உண்டு சென்றுவிட்டார். மனைவி தஞ்சமாம்பாள், ஆசாரம் கருதி இலையைக் கோலால் அகற்றி, இடத்தை மெழுகி, நீராடி, மீண்டும் சமைத்து வைத்திருந்தார். பின்னர், பசியோடு வந்த அடியார் ஒருவருக்குச் சோறு இல்லை என்று சொல்லி அனுப்பினார். மூன்றாவதாக, அதே வீட்டில் தங்கியிருந்த பெரிய நம்பியின் தேவிகளோடு கிணற்றடியில் நீர்க்குடம் பற்றிப் பூசல் விளைந்தது. நம்பிகள் ஒருவரிடமும் சொல்லாமல் திருவரங்கத்துக்குத் திரும்பிவிட்டார். ஆசிரியர் நீங்கியதை அறிந்த நாளில் இளையாழ்வார் இல்லறத்தை விட்டு, அநந்தசரஸ் தீர்த்தக்கரையில் துறவு பூண்டார்.

குருபரம்பரை நூல்கள் குற்றத்தை முழுவதும் அம்மையார்மேல் ஏற்றுகின்றன. அவர் பக்கத்தை எழுதிவைத்தவர் எவருமிலர். அந்நாளைய அக்கிரகாரத்தில் பிறந்த ஒரு பெண், தாய் கற்பித்த ஆசாரத்தைக் கைக்கொண்டதில் வியப்பில்லை. கணவர் உள்ளத்தில் எழுந்த புதிய நெறி இன்னதென்று அவருக்குப் பொறுமையாக எடுத்துரைக்கப்பட்டதாக வரலாற்றில் ஓரிடத்திலும் காணப்படவில்லை. ஒருவர் தாம் செல்லும் திசையை உடனிருப்பவருக்குச் சொல்லாமலே நடந்தால், உடனிருப்பவர் பின்தங்குவார். பின்னாளில் அதே இராமாநுஜர் தம் சீடர்களுக்கு ஒவ்வொன்றையும் நிகழ்த்திக் காட்டி விளக்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

தண்டும் பவித்திரமும்

துறவு பூண்டவரை முதலில் வந்தடைந்தவர் இருவர். ஒருவர் தமக்கை மகனாகிய முதலியாண்டான். துறவு ஏற்றபொழுது எல்லா உறவையும் துறந்தோம், முதலியாண்டானைத் தவிர என்று எண்ணியே துறந்ததாக உடையவர் பின்னர் கூறியருளினார் என்பர். மற்றவர் காஞ்சிக்கு அண்மையில் உள்ள கூரத்தில் பெருஞ்செல்வராய் வாழ்ந்த கூரத்தாழ்வான். அவர் மாளிகையில் நாள்தோறும் அன்னதானம் முடிந்து இரவில் கதவடைக்கும் ஓசை, வரதன் சந்நிதி வரை கேட்டது என்று சொல்வதுண்டு. அச்செல்வம் அனைத்தையும் விட்டுத் திருவரங்கத்துக்கு நடந்தபொழுது, வழியில் காடு கண்ட தேவிகள் ஆண்டாள், அச்சமுண்டோ என வினவினார். மடியில் பொருள் இருந்தாலன்றோ அச்சம் என்றார் ஆழ்வான். கணவர் அமுது செய்வதற்கென எடுத்துவந்த பொன் வட்டில் ஒன்று அவரிடம் இருந்தது. அதனை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு நடந்தார் ஆழ்வான்.

திருவரங்கம் சேர்ந்தபின், மறைபொருளை உபதேசம் பெறத் திருக்கோட்டியூர் நம்பியிடம் உடையவர் பதினெட்டு முறை நடந்த வரலாறு யாவரும் அறிந்ததே. அதில் ஒரு நுட்பம் பலரால் விரைந்து கடக்கப்படுகிறது. நம்பி முடிவில் சொல்லியனுப்பியது, தண்டும் பவித்திரமுமாகத் தனியே வருக என்பது. உடையவர் ஆழ்வானையும் ஆண்டானையும் உடன் அழைத்துச் சென்று நின்றார். தனியே வரச் சொன்னோமே என்று நம்பி சினந்தபொழுது, தண்டும் பவித்திரமும் கொணரச் சொன்னீர், இவ்விருவருமே அவை என்று விடை கூறினார் உடையவர். துறவிக்கு முக்கோல் உடலின் ஒரு கூறு. அதனைப் பிரிந்து அவர் ஓரடியும் எடுத்து வைத்தல் கூடாது. நண்பர், சீடர், உதவியாளர் என்னும் சொற்களால் சொல்லக்கூடிய உறவு அன்று இது. தம்மை யாரென்று ஒருவர் எண்ணும்போது, அந்த எண்ணத்தினுள்ளேயே மற்ற இருவரும் அடங்கியிருந்தனர்.

அதற்காக அவர்களை உடையவர் திருத்தாமல் விட்டாரில்லை. முதலியாண்டானிடம் வித்தைச் செருக்கின் சாயல் இருந்ததென்பர். பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய்க்குப் புக்ககத்தில் துன்பம் நேர்ந்தது; காலையில் நீராடத் துணைவேண்டும் என்று கேட்டதற்கு, பிறந்தகத்திலிருந்து சீதன வெள்ளாட்டியைக் கொணர்க என்று மாமியார் இகழ்ந்தார். அச்செய்தி உடையவரிடம் வந்தபொழுது, அருகே நின்ற முதலியாண்டானையே சீதன வெள்ளாட்டியாக அனுப்பினார். பேரறிஞரான ஆண்டான் அவ்வீட்டில் நீர் சுமந்தும் அட்டில் தொழில் செய்தும் இருந்தார். அங்கே நடந்த உபந்நியாசம் ஒன்றில் பொருள் பிழைபட்டதைத் திருத்தியபொழுதுதான் அவர் யார் என்பது வெளிப்பட்டது.

ஆச்சானைக் கண்டுபிடித்த மணல்

திருவரங்கத்தில் உடையவருக்குப் பகைவரும் இருந்தனர். கோயில் நிர்வாகத்தைச் சீர்திருத்த முற்பட்டவருக்கு வேறு என்ன கிடைக்கும்? பிக்ஷை அன்னத்தில் நஞ்சு கலந்து தருமாறு ஒருவன் தன் மனைவியை ஏவினான். அவள் அன்னத்தை இட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக உடையவர் திருவடியில் விழுந்து கண்ணீர் சிந்தினாள். குறிப்பறிந்த உடையவர் அதனை உண்ணாது விடுத்து, அன்றுமுதல் உபவாசம் இருக்கலானார். செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி விரைந்து வந்தார். காவிரி மணல் நண்பகல் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. உடையவர் ஆசாரியரைக் கண்டு அம்மணலில் வீழ்ந்து வணங்கினார். நம்பி எழுந்திரு என்று சொல்லாமல் நின்றார்.

சீடர்கள் பலர் சுற்றி நின்றனர். ஆசாரியரின் ஆசாரியர் முன்னிலையில் யார் என்ன சொல்ல இயலும்? கிடாம்பி ஆச்சான் ஒருவரே பொறுக்கமாட்டாதவராய், இது என்ன கொடுமை என்று நம்பியை நோக்கிக் கேட்டுவிட்டு, உடையவரை வாரியெடுத்துத் தம்மேல் ஏற்றிக்கொண்டார். இத்தகைய ஒருவரைத் தேடியே வந்தோம் என்றார் நம்பி. மடைப்பள்ளிப் பொறுப்பு அன்றே கிடாம்பி ஆச்சானிடம் ஒப்புவிக்கப்பட்டது. நம்பி கற்றறிவையும் பக்தியையும் ஆராயவில்லை. அவை சுற்றி நின்ற எல்லோரிடமும் இருந்தன. தம்மையே எதிர்த்துப் பேசக்கூடிய அன்பு எவரிடம் உண்டு என்பது ஒன்றையே பார்த்தார்.

எழுத்தாணி நின்ற இடம்

உடையவர் மேற்கொண்ட செயல்களுள் தலையாயது ஸ்ரீபாஷ்யம். ஆளவந்தாரின் மடங்கிய விரல்களுள் ஒன்று அதைக் குறித்தது. அதற்கு வேண்டிய போதாயன விருத்தியைத் தேடி ஆழ்வானோடு காஷ்மீரம் வரை சென்றார். கிடைத்த சுவடி வழியிலேயே திரும்பப் பறிக்கப்பட்டபொழுது, இரவுகளில் விளக்கொளியில் அதனைப் படித்து உள்ளத்தில் பதித்திருந்தேன் என்று ஆழ்வான் கூறியதால் உடையவர் தேறினார்.

திருவரங்கத்தில் நூலெழுதும் பணி தொடங்கிற்று. உடையவர் சொல்ல ஆழ்வான் எழுதினார். ஏற்பாடு ஒன்று முன்னரே செய்துகொண்டனர்: சொல்லும் பொருள் தமக்கு உடன்பாடில்லையாயின் ஆழ்வான் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். உயிரின் இயல்பைச் சொல்லுமிடத்தில், அறிவுடைமை ஒன்றையே அதன் இலக்கணமாக வைத்து, இறைவனுக்கு அடிமைப்பட்டிருத்தலாகிய சேஷத்துவத்தைச் சேர்க்காமல் உடையவர் உரைத்தார். எழுத்தாணி நின்றது. மீண்டும் உரைத்தார், மீண்டும் நின்றது. சினம் மேலிட்டவராய், பாஷ்யத்தை நீரே எழுதிக்கொள்ளும் என்று ஆழ்வானைக் காலால் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

தள்ளப்பட்ட இடத்திலேயே ஆழ்வான் கிடந்தார். இனி என்ன செய்வீர் என்று பிறர் கேட்க, பொருள் உடையவனுடையது, அவன் வைத்த இடத்தில் கிடப்பதன்றி அதற்கு வேறு செயல் என்ன என்றார். இந்த விடையிலேயே அவர் எழுதாது நின்ற கருத்தும் இருந்தது. தனிமையில் எண்ணிப் பார்த்த உடையவர் தாம் விட்டதை உணர்ந்து, திரும்பி வந்து, ஆழ்வானைத் தேற்றி, வாக்கியத்தைத் திருத்திச் சொன்னார். எழுத்தாணி ஓடியது.

இவ்வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் ஆழ்வானின் பணிவையே வியப்பர். ஆனால் அந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர் உடையவர். தம்மை மறுக்கும் உரிமையைத் தம் கையாலேயே மற்றொருவருக்கு வழங்கினார். வழங்கியதை உரிய வேளையில் மறந்தார் என்பதையும் மரபு மறைக்கவில்லை. மறுப்பு வேண்டும் என்று மனம் விரும்புவது வேறு. மறுப்பு எதிரே வந்து நிற்கும்பொழுது தாங்குவது வேறு. உடையவருக்கே இது ஒருநாள் கடினமாயிற்று எனின் மற்றையோர் நிலை சொல்ல வேண்டுவதில்லை.

திருவாய்மொழி கேட்ட இடத்திலோ அவரே இந்நிலையில் இருந்திருக்கிறார். திருமலையாண்டான் பொருள் சொல்ல, சில இடங்களில் உடையவர் வேறு பொருள் கூறினார். ஆளவந்தாரிடம் கேட்டறியாத பொருளை ஏற்கமாட்டேன் என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி இடைவந்து இருவரையும் இணைத்தார். மாறுபட்டு நிற்கும் இருவர்க்கிடையே வந்து பேசக்கூடிய மூன்றாமவர் ஒருவரும் அந்த வட்டத்தில் இருந்தது பெரும்பேறு.

நீராடச் சென்ற கையும் மீண்ட கையும்

உறையூரில் மல்லராகவும் அரசனின் சேவகராகவும் இருந்த பிள்ளை உறங்காவில்லிதாசர், மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, வெயில் படாதவாறு குடைபிடித்துத் திருவீதியில் நடந்தவர். அரங்கனின் திருக்கண்களைக் காட்டி அவரை ஆட்கொண்டார் உடையவர். காவிரிக்கு நீராடச் செல்லும்பொழுது முதலியாண்டானின் கையைப் பற்றிச் செல்வார். நீராடி மீளும்பொழுது உறங்காவில்லிதாசரின் கையைப் பற்றி வருவார். மற்றைச் சீடர்களுக்கு இது பொறுக்கவில்லை. நீராடித் தூயவரானபின் தாழ்ந்த குலத்தவரைத் தீண்டலாமோ என்றனர்.

உடையவர் வாதிடவில்லை. ஓர் இரவு, உலர்ந்துகொண்டிருந்த சீடர்களின் ஆடையில் சிறிது கிழித்தெடுக்கச் செய்தார்; விடியலில் அதற்காக அவர்கள் ஒருவரையொருவர் வாயில் வந்தபடி வைதுகொண்டனர். பின்னர் ஓர் இரவு, உறங்காவில்லிதாசரை மடத்தில் பேச்சில் நிறுத்திக்கொண்டு, அவர் வீட்டில் உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றிவருமாறு அதே சீடர்களை அனுப்பினார். ஒருபக்கத்து நகைகளைக் கழற்றியதும், மறுபக்கத்ததையும் கொள்ளட்டும் என்று அவர் உறக்கத்தில் போலத் திரும்பிப் படுத்தார். சீடர்கள் அஞ்சி ஓடினர். வீடு திரும்பிய தாசரோ, நீ திரும்பியதால் அன்றோ அவர்கள் அஞ்சினர், அசையாமல் கிடந்திருக்க வேண்டாவோ என்று மனைவியைக் கடிந்தார். மறைந்திருந்து கேட்ட சீடர்கள் அப்படியே வந்து உடையவரிடம் உரைத்தனர். யார் கையைப் பற்றி மீள்வது என்னும் வினாவை அதன்பின் ஒருவரும் எழுப்பவில்லை.

யாதவப்பிரகாசரும் பின்னாளில், தம் தாயாரின் வற்புறுத்தலாலும் திருக்கச்சி நம்பி வாயிலாகக் கிடைத்த தெளிவாலும், காஞ்சியிலேயே தம் பழைய மாணவரைப் பணிந்து கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் பெற்றார். துறவியரின் ஒழுக்கத்தைத் தொகுத்து யதிதர்ம சமுச்சயம் என்னும் நூலை இயற்றினார். கொல்ல நினைத்தவரைச் சேர்த்துக்கொண்டதோடு நில்லாமல், அவர் புலமைக்கு ஏற்ற பணியும் தந்தார் உடையவர்.

நாலூரானுக்கு வேண்டியது

இவ்வாறு தேர்ந்து சேர்த்த வட்டத்திலும் பிளவு நேர்ந்தது என்பதைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. சோழ மன்னன் தன் சமயத்தை ஏற்று அறிஞர் யாவரும் கையொப்பமிட வேண்டும் என ஆணையிட்டபொழுது, இராமாநுஜர் கையொப்பம் இட்டாலன்றிப் பயனில்லை என்று அரசனிடம் எடுத்துக் கொடுத்தவன் நாலூரான் என்பவன். அவன் கூரத்தாழ்வானிடமே கற்றவன் என்று குருபரம்பரை கூறும். நல்லாசிரியரை அடைந்தவர் யாவரும் நல்லவராய்விடுவர் என்று சொல்ல இயலாதபடி இந்த ஒரு பெயர் வரலாற்றில் நிற்கிறது.

உடையவரின் காஷாயத்தைத் தாம் உடுத்து, அவர் வேடத்தில் ஆழ்வான் சோழன் அவைக்குச் சென்றார். ஆழ்வானின் வெள்ளாடையை உடுத்து உடையவர் மேல்நாடு நோக்கிச் சென்றார். முதிய பெரிய நம்பிகளும் ஆழ்வானுடன் சென்றார். அவையில் இருவரும் கண்களை இழந்தனர்; பெரிய நம்பிகள் திரும்பும் வழியிலேயே உயிர்நீத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திருநாராயணபுரத்திலிருந்து மீண்ட உடையவர், கண்ணிழந்த ஆழ்வானைக் காஞ்சிக்கு அழைத்து வந்து, பேரருளாளன் கேட்டதைக் கொடுப்பவன், கண்ணைக் கேளும் என்று பணித்தார். ஆழ்வான் வரதனைத் துதித்தார். என்ன வேண்டும் என்று இறைவன் வினவியருளினான். தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்றார் ஆழ்வான். வெளியே காத்திருந்த உடையவருக்கு இது தெரியவந்தபொழுது, கண் கேளாமல் வந்தீரே என்று வருந்தினார். பின்னர் ஆழ்வானின் கையைப் பற்றி அத்திகிரியின் படிகளில் இறங்கி வந்தார்.